முடிச்சு விழுந்த அந்த 25 நொடி: யோயோ பிரீஸ்டைல் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிறிய யோயோ பிரீஸ்டைல் போட்டியில், அதாவது பாட்டோடு சேர்த்துச் சொந்தமாக அமைத்த வித்தைகளை ஆடிக் காட்டும் போட்டியில், நடுவர்களுக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். மேடையில் ஒரு சிறுவன், பதின்மூன்று வயது இருக்கலாம். முதல் ஒன்றரை நிமிடம் அவன் கை பேசியது. கயிறு மடிந்து, விரிந்து, மறுபடி மடிந்து, யோயோ ஒவ்வொரு முறையும் நினைத்த இழையில் வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு ஒரு வித்தை தவறியது. யோயோ நின்றது. அச்சுக்கு அருகில் கயிறு இறுகிய முடிச்சாகச் சுருண்டிருந்தது. அவன் குனிந்து நகத்தால் நெம்பத் தொடங்கினான். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வலது பக்க மேசையில் இரண்டு உதிரி யோயோக்கள், புதுக் கயிறு போட்டு, சுற்றித் தயாராக இருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முடிச்சு அவிழ்ந்தபோது 25 நொடி போயிருந்தது.

அவன் தோற்றதற்கு வித்தை தெரியாதது காரணம் அல்ல, கணக்குத் தெரியாததுதான் காரணம். போட்டிக்குத் தயாராகும் பெரும்பாலானோர் மாதக்கணக்கில் கையைப் பழக்குகிறார்கள், விதிகளை மட்டும் போட்டிக்கு முந்தைய இரவில் புரட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் விதியைப் படிக்க வேண்டும், ஆட்டத்தை அதன் மேல் கட்ட வேண்டும்.

புள்ளி எப்படி விழுகிறது?

சர்வதேச யோயோ கூட்டமைப்பின் முறையை ஒட்டி நடக்கும் போட்டிகளில், இறுதிச் சுற்று 3 நிமிடம். அதற்கு முந்தைய சுற்றுகள் குறுகியவை. இறுதிச் சுற்றின் 100 புள்ளிகளில் 60 தொழில்நுட்பத்துக்கு. மீதி 40 ஆட்டத்தின் தரத்துக்கு: செய்நேர்த்தி, கட்டுப்பாடு, வித்தைகளின் பலவகை, இசையோடு பொருந்துதல், ஆட்டத்தின் அமைப்பு, உடல் அசைவு, பார்வையாளரைக் கவரும் திறன் போன்றவை.

அந்த 60 வரும் விதம்தான் பலருக்கும் புரிவதில்லை. தொழில்நுட்ப நடுவரின் கையில் கிளிக்கர் இருக்கிறது, அழுத்த அழுத்த எண்ணிக்கை ஏறும் சிறு கருவி. வித்தையின் ஒவ்வொரு கூறும் வெற்றியாக முடியும்போது ஒரு கிளிக் விழும், கடினமான கூறுக்கு அதற்கு மேலும் விழும். தவறவிட்டால் எதிர்க் கிளிக். கடைசியில், அந்த நடுவரிடம் யார் மிக அதிகமாகப் பெற்றாரோ அவருக்கு 60 புள்ளி, மற்றவர்களுக்கு அதே விகிதத்தில். மிக அதிகம் பெற்றவர் 120 கிளிக் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 80 எடுத்திருந்தால் உங்களுக்கு 40 புள்ளி. அதாவது இரண்டு கிளிக் ஒரு புள்ளிக்குச் சமம்.

இதற்கு மேல் நேரடிக் கழிவுகள் மூன்று உண்டு. யோயோ நின்றுபோய் மறுபடி சுற்றி வீசினால் 1 புள்ளி. யோயோவையே மாற்றினால் 3. கயிறு அறுந்தோ கழன்றோ யோயோ கையை விட்டுப் பிரிந்தால் 5.

இப்போது அந்தச் சிறுவனிடம் திரும்புவோம். 3 நிமிடத்தில் 120 கிளிக் எடுக்கக்கூடிய வேகத்தில் ஆடுபவருக்கு மூன்று நொடிக்கு இரண்டு கிளிக், அதாவது ஒரு புள்ளி. 25 நொடி முடிச்சை அவிழ்த்ததில் எட்டுப் புள்ளிக்கு மேல் போனது, நின்றதற்கு இன்னும் ஒன்று. மொத்தம் ஏறத்தாழ ஒன்பது. மேசைக்குப் போய் உதிரியை எடுத்து விரலில் மாட்ட ஐந்து நொடி ஆகும் என்றால், நேரத்தில் ஒன்றரைப் புள்ளிக்குச் சற்று மேலும், மாற்றியதற்கு 3 புள்ளியும்தான் போயிருக்கும். ஐந்துக்குள் முடிந்திருக்கும். இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் ஒரு எல்லை கிடைக்கிறது: பத்து, பதினொரு நொடிக்குள் அவிழும் முடிச்சை அவிழ்க்கலாம், அதற்கு மேல் போகும் என்றால் மாற்றுவதே மேல். உங்கள் வேகம் குறைவு என்றால் இந்த எல்லை இன்னும் சற்று நீளும். வீட்டில் உங்கள் ஆட்டத்தைப் படம்பிடித்து எண்ணிப் பாருங்கள்.

மேடையில் நின்று இதையெல்லாம் யோசிக்க முடியாது, உண்மைதான். அதனால்தான் பயிற்சியிலேயே இதையும் பழக வேண்டும். வேண்டுமென்றே முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பார்வை, ஒரே இழுப்பு. வந்தால் வந்தது, வராவிட்டால் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு நடங்கள். உதிரியைக் கண்ணால் பார்க்காமலே எடுக்கும் அளவுக்கு அது எங்கே, எந்தத் திசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். விரல் வளையத்தை முன்பே உங்கள் நடுவிரல் அளவுக்குச் சரிசெய்து வைத்திருங்கள். மேசையில் யோயோவைத் தேடும் நொடிகளைவிட, வளையத்தைச் சரிசெய்யும் நொடிகள்தான் அதிகம் வீணாகின்றன. கயிறே கட்டப்படாமல் யோயோ காற்றில் பறக்கும் 4ஏ பிரிவில் இது இன்னும் முக்கியம். கை தவறினால் அது உருண்டு மேடை ஓரம் வரை போகும். உதிரியை இரண்டு பக்கமும் வையுங்கள்.

எந்தப் பிரிவில் நிற்கிறீர்கள்?

1ஏ ஒரு யோயோவைக் கயிற்றில் ஏற்றி ஆடும் பிரிவு. 2ஏ இரண்டு கையிலும் வளையமாகச் சுழற்றி வீசும் லூப்பிங். 3ஏ இரண்டு கையிலும் கயிற்று வித்தை. 5ஏ பிரிவில் கயிறு விரலில் இருக்காது, அதன் மறுமுனையில் எதிர்எடை ஒன்று தொங்கும். அமெரிக்கரான ஸ்டீவ் பிரவுன் உருவாக்கியதாக அறியப்படும் பாணி இது. தங்கள் பிரிவுக்கு வெளியே உள்ள வித்தையை நடுவில் செருகுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. 1ஏ ஆட்டத்தின் நடுவே கயிற்றை விரலிலிருந்து கழற்றி எதிர்எடை பாணியில் ஒரு சுற்று காட்டினால் அரங்கம் கைதட்டும், கிளிக்கர் அசையாது. அந்த ஏழெட்டு நொடி உங்கள் கணக்கில் வெறுமையாகவே நிற்கும்.

இதே வகையில் இன்னொரு நஷ்டம் உண்டு. ஒரே கூறைத் திரும்பத் திரும்பச் செய்தால் முதல் முறைக்கு மட்டும்தான் மதிப்பு. நன்றாக வரும் ஒரு வித்தையை வேகமாக நான்கு முறை செய்வது பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம், ஆனால் மூன்று முறை இலவசம். ஆட்டத்தைக் காகிதத்தில் கூறு கூறாக எழுதிப் பாருங்கள். ஒரே சொல் இரண்டாவது முறை வரும் இடத்தில் கோடு போடுங்கள். என் அனுபவத்தில், முதல் முறை இப்படி எழுதிப் பார்ப்பவர்கள் தங்கள் ஆட்டம் இவ்வளவு சிறியதா என்று அதிர்ந்து போகிறார்கள். அந்த அதிர்ச்சி நல்லது.

பாட்டு

பாட்டில் வசைச்சொல் இருந்தால் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம். இதில் சமரசம் கிடையாது. நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டைத் தாளத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள், வரிகளைக் கேட்பதில்லை. தெரியாமல் செய்தேன் என்பது விதிப் புத்தகத்தில் செல்லாது. பாட்டின் வரிகளை முழுவதும் ஒருமுறை வாசியுங்கள். வானொலிக்காக வசை நீக்கிய பதிப்பு கிடைத்தாலும் அதையும் முழுவதும் கேளுங்கள்.

நீளம் அடுத்த சிக்கல். பாட்டு தொடங்கியதும் கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. முதல் பதினைந்து நொடி மெல்லிய இசையில் நின்று முகம் காட்டினால், மேலே சொன்ன கணக்கில் ஐந்து புள்ளி காற்றில் போகிறது. நேரம் முடிந்த பிறகு விழும் வித்தைக்கு மதிப்பில்லை. ஆகவே உச்ச வித்தையைக் கடைசி நொடியில் வைக்காதீர்கள். மேடையில் எல்லாம் இரண்டொரு நொடி தள்ளித்தான் நடக்கும், அந்தத் தள்ளலில் உங்கள் சிறந்த வித்தை எல்லைக்கு வெளியே விழும். 2 நிமிடம் 50 நொடிக்கு முன்னால் அது முடிந்துவிட வேண்டும். மீதி நேரத்தில் எளிமையாக யோயோவைக் கைக்குள் வாங்கி நில்லுங்கள். அப்படி நிற்பதிலேயே ஒரு கம்பீரம் இருக்கிறது.

வேகமே புள்ளி என்று நினைத்து இசையை வெறும் பின்னணிச் சத்தமாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் ஜென்ட்ரி ஸ்டைன், எவான் நாகாவோ இருவரின் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். 1ஏ பிரிவில் ஸ்டைன் 2014-ல் பிராக் நகரிலும் 2019-ல் கிளீவ்லாந்திலும் உலக சாம்பியன் ஆனார். நாகாவோ 2018-ல் ஷாங்காயில் வென்றார். தாளம் விழும் இடத்தில் யோயோ விழுகிறது, பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் கையும் மூச்சு வாங்குகிறது. தர மதிப்பீட்டின் 40 புள்ளியில் இசைக்கும் அமைப்புக்கும் இடம் ஒதுக்கியிருப்பது சும்மா இல்லை.

கயிறும் கண்ணும்

பம்பரம் விட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சாட்டை சரியில்லாவிட்டால் எதுவும் சரியாகாது. யோயோவுக்கும் அப்படித்தான். மேடை ஏறுவதற்கு ஒரு நிமிடம் முன்பு புதுக் கயிறு மாட்டுவது பெரிய தவறு. புதுக் கயிற்றில் முறுக்கு அதிகம் இருக்கும், தளர்ந்த இழை தானாகச் சுருண்டு வித்தைக்குள் புகுந்துகொள்ளும். மாட்டிவிட்டுப் பத்து நிமிடமாவது ஆடுங்கள். பிறகு யோயோவைக் கயிற்றின் முனையில் தொங்கவிட்டு, அதுவே சுழன்று முறுக்கை ஆற்றிக்கொள்ளட்டும். மறுபக்கம், வாரக்கணக்கில் ஆடிய கயிற்றோடு மேடை ஏறினால் 5 புள்ளிக் கழிவு காத்திருக்கிறது. அறுந்து பறக்கும் உலோக யோயோ முன்வரிசையில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. அச்சைச் சுற்றும் இடத்தையும் விரல் வளையத்தின் முடிச்சையும் விரலால் தடவிப் பாருங்கள். பஞ்சுபோல் நூல் பிரிந்திருந்தால் மாற்றுங்கள்.

யோயோவின் அச்சில் சுழலும் உருளையான பேரிங்கில் எண்ணெய் விடுவதையும் போட்டி நாளன்று செய்யாதீர்கள். ஒரு துளி அதிகமானாலும், பைண்ட் செய்யாமல் (கயிற்றை மடித்து உள்ளே சிக்கவைத்து இழுக்காமல்) மேலே வரக்கூடாத யோயோ சிறு இழுப்புக்கே கைக்கு ஏறிவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் பட்டைகள் தேய்ந்திருந்தால் எதிர்மாறாக நடக்கும்: பைண்ட் பிடிக்காமல் வழுக்கும். இரண்டையும் ஒரு வாரம் முன்பே பார்த்து, அதே நிலையில் பழகுங்கள்.

கயிற்றின் நிறத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நடுவர் உங்கள் முன்னால், சில மீட்டர் தொலைவில், பளிச்சென்ற மேடை விளக்கின் கீழ் இருக்கும் உங்களைப் பார்க்கிறார். வெள்ளைச் சட்டைக்கு முன் வெள்ளைக் கயிறு மறைந்துவிடுகிறது. எந்த இழையில் யோயோ இறங்கியது என்று தெரியாவிட்டால் அவர் கிளிக் செய்யத் தயங்குவார். கருப்புச் சட்டையும் பளிச்சென்ற மஞ்சள் கயிறும் எளிய தீர்வு. அதேபோல், கயிற்று வடிவம் நடுவருக்குத் தட்டையாகத் தெரியும்படி நில்லுங்கள். உடலிலிருந்து முன்னோக்கி விரியும் வித்தையை நடுவரை நேராகப் பார்த்துக்கொண்டு செய்தால் அவருக்கு ஒரு கோடுதான் தெரியும். உடலைக் கால்வட்டம் திருப்பினால் முழு வடிவமும் திறக்கும். கண்ணாடி முன் பழகுபவர்களுக்கு இது புலப்படாது, ஏனென்றால் கண்கள் கையைப் பார்க்கின்றன. நடுவர் அமரும் உயரத்தில் கைப்பேசியை வைத்துப் படம்பிடியுங்கள்.

தவறிய பிறகு

ஒரு வித்தை தவறியதும் அதையே மறுபடி முயல்வது மனித இயல்பு. இரண்டாவது முறையும் தவறினால் இன்னொரு எதிர்க் கிளிக், கூடவே இசையில் நீங்கள் இருக்க வேண்டிய இடம் போய்விடும். ஒருமுறை மட்டும் முயன்று பாருங்கள். இல்லையென்றால் பாட்டின் அடுத்த திருப்பத்தில் எந்த வித்தை இருக்க வேண்டுமோ அங்கே நேரே சேர்ந்துகொள்ளுங்கள். இதற்காகவே ஆட்டத்தில் மூன்று நான்கு இடங்களைச் சேரும் புள்ளிகளாகக் குறித்து, எந்த நிலையிலிருந்தும் அங்கே தாவிப் பழகுங்கள். சுழற்சி குறைந்த யோயோவை வைத்து அடுத்த கடினமான கூறை முயல்வதும் இதே வகைத் தவறுதான். அது நிற்பதற்கு முன்பே கைக்கு வாங்கி, இரண்டு நொடி எடுத்துப் புதிதாக வீசினால் இழப்பு ஒரு புள்ளிக்கும் குறைவு.

போட்டி முடிந்ததும் முடிவுத் தாளில் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நேர்க் கிளிக்கும் எதிர்க் கிளிக்கும் நேரடிக் கழிவுகளும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் காணொளியை வைத்து அதே ஆட்டத்துக்கு நீங்களே கிளிக் செய்யுங்கள். எதிர்க் கிளிக் எண்ணிக்கை உங்கள் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால், சரியாக முடித்ததாக நீங்கள் நம்பிய ஏதோ ஒரு வித்தை நடுவரின் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கும் வரை அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.