பெரியவங்க வழுக்கி விழுந்துட்டா தூக்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், என்ன செய்யணும்

ஐப்பசி கார்த்திகை அடைமழை புடிச்சாலே நம்ம டெல்டா பக்கம் கிணத்தடி, முத்தம், கொல்லைப்பக்கத்து பாத்ரூம் வாசல்னு எல்லா எடமும் பாசி ஏறிடும், அப்பாயி விழுந்துட்டாங்க, தாத்தா விழுந்துட்டாருன்னு போன் வர்றதும் அப்பதான். விழுந்த உடனே ரெண்டு பேரு ஓடி வந்து அக்குள்ல கைய குடுத்து தூக்கி நிறுத்தி "எங்க, நாலு எட்டு வச்சு பாரு"ம்பாங்க. தயவு செஞ்சு அத செய்யாதீங்க. லேசா வெடிச்சு அப்படியே நிக்கிற எலும்பு அந்த நாலு எட்டுல வெலகிப் போயிடும்.

மொதல்ல கெடக்குற எடத்துலயே பேச்சு குடுங்க. தலையில அடிபட்டுச்சா, கழுத்து வலிக்குதா, வழுக்கி விழுந்தாங்களா இல்ல கண்ண இருட்டிக்கிட்டு விழுந்தாங்களா? கடைசி கேள்விய டாக்டர் கண்டிப்பா கேப்பாரு, ஏன்னா மயங்கி விழுந்திருந்தா சுகர், பிரஷர், இதயம் எல்லாத்தையும் சேத்து பாக்கணும்.

அப்பறம் ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஒரு கால் மத்ததவிட கட்டையா தெரியுது, பாதம் வெளிப்பக்கமா சாஞ்சு கெடக்குது, தொடை இடுக்குல வலி, குதிகால தரையிலேர்ந்து தூக்க முடியல, இதுல எது இருந்தாலும் இடுப்புல முறிவுன்னே வச்சுக்குங்க. சில பேருக்கு ஒடஞ்ச எலும்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கும், அவங்க நடக்கக்கூட நடப்பாங்க, அதனால நடந்துட்டாங்க ஒண்ணுமில்லன்னு விட்றாதீங்க, தொடை இடுக்குல வலி இருந்தா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல ஆனா வலி தாங்க முடியலன்னா எம்ஆர்ஐ தேவையான்னு நீங்களே வாய தொறந்து கேளுங்க.

ஒடம்புல இருக்குற 206 எலும்புல தொடை எலும்புதான் ரொம்ப நீளம், அதோட மேல் நுனிதான் இங்க ஒடையுது. நுனியில இருக்குற உருண்டை இடுப்பு எலும்போட குழிக்குள்ள ஒக்காந்திருக்கும், உருண்டைக்கு கீழ ஒடுங்கலா ஒரு கழுத்து. உருண்டைக்கு போற ரத்தம் முக்காவாசி அந்த கழுத்த ஒட்டித்தான் ஏறுது. கழுத்து ஒடஞ்சு வெலகுனா ரத்தக்குழாயும் அறுந்துபோகும், ரத்தம் இல்லாம எலும்பு எப்படி கூடும்? பச்சிலையும் மூங்கி பத்தையும் வச்சு வெளியேர்ந்து எவ்வளவு இறுக்கி கட்டுனாலும் இந்த எடத்த புடிச்சு நிறுத்த முடியாது. எண்ணெ போட்டு நீவுறது, கால இழுத்து நேராக்குறது, வெந்நி ஒத்தடம் எதுவும் வேணாம்.

108க்கு போன் போடுங்க. வண்டி வர்ற வரைக்கும் ரெண்டு காலுக்கும் நடுவுல மடிச்ச துண்டு, ரெண்டு பக்கமும் தலையணை, மேல ஒரு போர்வை, அவ்வளவுதான். காப்பி, தண்ணி, சோடா எதுவும் குடுக்காதீங்க, ஆபரேஷன்னா மயக்க மருந்து குடுக்க வயிறு காலியா இருக்கணும். அவங்க சாப்புடுற மாத்திரை அட்டைய எல்லாம் ஒரு பையில போட்டுக்குங்க, முக்கியமா ரத்தம் உறையாம இருக்க சாப்புடுற மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டும் அதே பையில. ரோட்டுல தண்ணி நின்னு வண்டி வர முடியலன்னா பலகை இல்ல பெஞ்சுல படுக்க வச்சு குட்டி யானையில கொண்டு போங்க, கயித்துக் கட்டில் தொய்யும், பைக்குல நடுவுல ஒக்கார வச்சு போறத நெனச்சே பாக்காதீங்க. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூணு எடத்துலயும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு.

அங்க போனதும் சொந்தக்காரங்க ஒரு பேச்சு எடுப்பாங்க, "எம்பது வயசாச்சு, இனிமே எதுக்கு கத்தி, வீட்டுலயே வச்சு பாத்துக்கலாம்"னு. பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா ஆபரேஷன் இல்லாம படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வரும், முதுகுல புண்ணு வரும், கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்கு போகும், உசுர எடுக்குறது பெரும்பாலும் இதுங்கதான். எழுப்பி ஒக்கார வச்சு நடக்க வைக்கத்தான் ஆபரேஷனே, முடிஞ்ச மறுநாளே வாக்கர் புடிச்சு நிக்க வைக்கப் பாப்பாங்க. ஒடம்பு தாங்கும்னு டாக்டர் சொன்னா ரெண்டு நாளுக்குள்ள முடிச்சிடுறது நல்லது.

கைய ஊனி விழுந்து மணிக்கட்டு வீங்குனா வீக்கம் ஏறுறதுக்குள்ள வளையல், மோதிரத்த சோப்புத் தண்ணி போட்டு கழட்டிடுங்க, லேட் ஆனா வெட்டித்தான் எடுக்கணும். வார இதழ் ஒண்ண கைய சுத்தி மடிச்சு துணியால லேசா கட்டி கழுத்துல தூளி மாதிரி மாட்டி விடுங்க. வெரல் நுனி வெளுத்தாலோ மரத்துப் போனாலோ கட்ட உடனே தளர்த்தணும்.

நின்ன எடத்துலயே விழுந்து இடுப்பு ஒடஞ்சா எலும்பு ஏற்கெனவே மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கும், வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்புடுறவங்களுக்கும் இது ஜாஸ்தி. தையல் பிரிச்சதோட விட்றாம எலும்பு மெலிஞ்சதுக்கு மருந்து வேணுமான்னு கேளுங்க. வாரம் ஒரு மாத்திரை குடுத்தாங்கன்னா காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் நெறைய தண்ணியோட முழுங்கிட்டு அரைமணி நேரம் படுக்காம ஒக்காந்திருக்கணும், இல்லன்னா உணவுக்குழாய் புண்ணாயிடும். கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. கேழ்வரகு, முள்ளோட திங்கிற நெத்திலி, முருங்கக்கீரை, மோர் எல்லாம் தெனப்படி சாப்பாட்டுல இருக்கட்டும்.

அவங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போதே வீட்ட சரி பண்ணிடுங்க. பாசி மேல பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டு கட்ட வெளக்கமாத்தால தேச்சு கழுவணும், கக்கூஸ் செவுத்துல ஸ்டீல் கைப்புடி ஒண்ணு, படுக்கையிலேர்ந்து அதுவரைக்கும் ராத்திரி பூரா எரியிற சின்ன பல்பு. அடி தேஞ்ச ரப்பர் செருப்ப தூக்கிப் போடுங்க. கண்ணுல பொரை இருந்தா ஆபரேஷன தள்ளிப் போடாதீங்க, தூக்க மாத்திரை சாப்புடுறாங்கன்னா அத கொறைக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க.