டி பகுதியில் நின்றுபோன வாசிப்பு

சீனாவின் குவாங்சோ நகரில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு மேல்நிலைப் பள்ளி மாணவனால், கவோகாவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளிலுள்ள நான்கு வாசிப்புப் பகுதிகளில் கடைசியான டி பகுதியை நேரத்துக்குள் முடிக்கவே முடியவில்லை. பாடத்திட்டத்தின் சொற்கள் எல்லாமே அவனுக்கு அத்துப்படி என்பதால், மேலும் சொற்பட்டியல் கொடுத்த முதல் வாரம் வீணாயிற்று. கேள்விகளை முதலில் படிக்கச் சொன்னேன். விடைச் சொல்லைத் தேடி வரிக்கு வரி தாவினானே தவிர, மதிப்பெண் ஏறவில்லை.

பிறகுதான் அவனுடைய தாளிலிருந்த பென்சில் கோடுகளைக் கவனித்தேன். 'தட்' (that), 'விச்' (which) வரும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு வளைகோடு, முன்னே நின்ற பெயர்ச்சொல்லுக்குத் திரும்பியிருந்தது. தமிழில் 'ஊரார் கட்டிய பாலம்' என்பது போலவே சீனத்திலும் விவரிக்கும் தொடர் பெயருக்கு முன்னால் வரும்; ஆங்கிலத்திலோ பாலம் முதலில் வந்துவிடுகிறது. ஆகவே அவன் ஒவ்வொரு நீண்ட வாக்கியத்தையும் பின்னிருந்து அடுக்கி, இருமுறை படித்துக்கொண்டிருந்தான். (தமிழனாகிய எனக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.)

'தட்', 'விச்' சொற்களுக்கு முன் ஒரு சாய்கோடு இட்டு, 'பாலம் / அதை ஊரார் கட்டினார்கள்' என்ற வரிசையிலேயே வாய்விட்டுப் படிக்கவைத்தேன். கண் திரும்பாதிருக்க, படித்த பாதியை அட்டையால் மூடினேன். பத்து நாளில் டி பகுதி நேரத்துக்குள் முடிந்தது. 'தட்' விடுபட்ட தொடர்களில் மட்டும் இன்னும் தடுமாறுகிறான். அங்கே இரண்டு பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் சாய்கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.