திருப்பி வராத மொய்: விபத்துப் பிரிவுக்கு ஊர்ப்பணம் திரட்டுவது எப்படி

தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் சந்திக்கிற எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். 26 வருடமாக அந்தப் பந்தல்களில் மொய் எழுதி வருகிறேன். பேர், ஊர், தொகை, பழையது (முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்வது) எவ்வளவு, புதுநடை (புதிதாகச் செய்வது) எவ்வளவு. ஒரு ரூபாய் பிசகினாலும் ஒரு உறவு கெடும்.

என் தங்கை மகன் பைக்கிலிருந்து விழுந்த இரவு, அரசு மருத்துவமனை ஒன்றின் விபத்துப் பிரிவில் நின்றிருந்தேன். மானிட்டர் இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்பின் ஒயர்தான் வெடித்துப்போய், மேலே பிளாஸ்திரி சுற்றியிருந்தது. செவிலியர் அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தபடியே நின்றார். விட்டால் திரையில் எண் மறைந்துவிடும். பையன் பிழைத்து இன்று நடக்கிறான். அந்தச் செவிலியரின் விரல்கள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. அதற்குப் பிறகு மூன்று ஆடி, அந்தப் பிரிவுக்காக விருந்து வைத்துவிட்டோம். உங்கள் ஊரிலும் செய்ய நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பணத்தை யாரிடம் கேட்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் வார்டுக்குப் போங்கள். பெரிய மெஷின் வாங்கித் தருகிறோம் என்று ஆரம்பிக்காதீர்கள். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம், "போன மாசம் எது இல்லாம கையைப் பிசைஞ்சீங்கம்மா?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: சிறு பிள்ளைகளுக்கான கழுத்துப்பட்டை, இடுப்பெலும்பு உடைந்தால் இறுக்கிக் கட்டும் பெல்ட், உடைந்த காலை அசையாமல் நீட்டிக் கட்டும் தாமஸ் ஸ்ப்ளின்ட், வாயில் தேங்கும் ரத்தத்தையும் சளியையும் உறிஞ்சும் சக்சன் குழாய், மானிட்டர் பேட்டரி, அந்தக் கிளிப். ஒன்றுகூடப் பெரிய விலை இல்லை. எல்லாமே தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள்கள்.

பட்டியலைத் தலைமை மருத்துவரிடம் காட்டி, இவை தேவை என்று கடிதம் வாங்குங்கள். வாங்கும் முன் மானிட்டரின் கம்பெனி பெயரையும் மாடலையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி கிளிப் இன்னொன்றின் துளையில் நுழையாது. முதல் வருடம் எங்கள் கிளிப்புகள் நான்கு அப்படித்தான் திரும்பி வந்தன. பொருளை அந்த மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கம் வழியாக ஒப்படைத்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். பதிவில் ஏறாத பொருள் பழுதானால் சரிசெய்ய யாரும் வரமாட்டார்கள்.

"அரசாங்கமே இலவசமாப் பாக்குது, நாம எதுக்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். உண்மையைச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 1 லட்சமாக இருந்த வரம்பு பிறகு 2 லட்சமானது. எங்கள் வீட்டுப் பிள்ளையும் அதில்தான் பிழைத்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி அறுந்த ஒயருக்குப் புதன்கிழமை காலையில் மாற்று வேண்டும். ஊர்ப்பணம் அந்த இடைவெளிக்கு. கட்டடம், சுற்றுச்சுவர் மாதிரி பெரிய வேலையென்றால் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்தில்.

பணம் ஒருபோதும் தனி ஆள் கணக்கில் விழக்கூடாது. பதிவு செய்த சங்கம், இரண்டு கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கின் க்யூஆர் அட்டை, இவ்வளவும் இருந்தபிறகே முதல் ரூபாய். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) சங்கத்துக்கு இருந்தால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கழிவு உண்டு. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்தக் கழிவு கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம் தெருக்காரராகவே இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் பெறமுடியும். உறவு பார்த்து இதில் வளைந்துகொடுக்காதீர்கள்.

இனி விருந்து. மொய் என்பது கடன். இன்று எழுதுகிறவர் நாளை தன் விருந்தில் அது திரும்பும் என்று நம்பித்தான் எழுதுகிறார். முதல் வருடம் ஒரு பெரியவர் மொய் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இத யாரு எனக்குத் திருப்பிச் செய்வா?" சரியான கேள்வி. அதனால் அழைப்பிதழிலேயே, 'இது திருப்பி வராத மொய்' என்று தடித்த எழுத்தில் அச்சிடுகிறோம். மைக்கிலும் சொல்கிறோம். நோட்டில் பழையது, புதுநடை என்ற பத்திகளே கிடையாது. பேர், ஊர், தொகை மட்டும். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எம் பேரப்புள்ள பேர்ல எழுது" என்று 500 ரூபாய் வைத்தார்.

சாப்பாட்டுச் செலவு மொய்ப்பணத்தைத் தொடவே கூடாது. ஆட்டுக்கறி ஒருவர், அரிசி ஒருவர், பந்தல் ஒருவர் என்று முன்பே பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். அன்று இரவே எண்ணி, மொத்தத்தை மைக்கில் வாசித்துவிட்டுத்தான் பந்தலைப் பிரிக்க வேண்டும். அடிபட்டவர் படத்தைப் பேனரில் போடாதீர்கள். குடும்பமே சம்மதித்தாலும் வேண்டாம்.

வருகிற பணத்தில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்குங்கள். இதை ஊராருக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். நான் ஒரு ஊசியின் கதையைச் சொல்வேன். டிரானெக்சாமிக் ஆசிட், ரத்தப்போக்கைக் குறைக்கிற மலிவான மருந்து. 40 நாடுகளில் அடிபட்ட 20,211 பேரைச் சேர்த்து கிராஷ்-2 என்ற ஆய்வு நடந்தது, 2010இல் முடிவு வெளியானது. அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் சாகிறவர்கள் குறைகிறார்கள். மூன்று மணி தாண்டினால் கெடுதலே செய்யலாம். அப்படியென்றால் விழுந்த நேரம் தெரிந்தாக வேண்டும். மருத்துவமனையில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, கொண்டுவந்தவருக்கும் பதற்றம், எழுதுகிறவருக்கும் பதற்றம், 'மாலை' என்று எழுதி முடிந்துவிடும்.

ஆகவே எங்கள் பணத்தில், விபத்து விவரங்களைக் கேட்டு எழுதும் ஒரு பதிவாளருக்குச் சம்பளம். மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையோடு சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, பேர் நீக்கிய பதிவாகச் செய்கிறோம். விழுந்த நேரம், வந்த நேரம், இடம், தலைக்கவசம், கொண்டுவந்தது யார், முதல் ஊசி எப்போது. ஆறு மாதம் எழுதியதும் சாலையின் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வந்தது. இருட்டுகிற நேரம், நெல் ஏற்றிய டிராக்டர், பின்னால் விளக்கு இல்லை. ஊர் இளைஞர்கள் டிராக்டர் டிரெய்லர்களுக்கெல்லாம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டினார்கள். அந்த வளைவுக்கான வரி பதிவில் இப்போதும் இருக்கிறது, விபத்து குறைந்திருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்கிறோம்.

அடுத்த அழைப்பிதழ் அடிக்கும் முன், போன வருடக் கணக்கை டீக்கடையிலும் வார்டு வாசலிலும் ஒட்டிவிடுங்கள். பொருள், விலை, வாங்கிய தேதி, இப்போது எங்கே இருக்கிறது. கணக்கை ஒட்டியபிறகுதான் செவிலியரிடம் புதுப் பட்டியல் கேட்பேன். இந்த வருடம் முதல் வரி: சக்சன் குழாய், பெரியது, 20.