லைசன்ஸ் இருக்கு, ஆனா கார் எடுக்க பயமா இருக்கா? இப்படி ஆரம்பிங்க

பர்ஸ்ல லைசன்ஸ் கார்டு இருக்கும், வாசல்ல கார் நிக்கும், ஆனா சாவிய கையில எடுத்தாலே உள்ளங்கை வேர்த்துடும். எனக்கு நாலு வருஷம் இப்படியே போச்சு. கல்யாணம், குழந்தைன்னு ஆனதுக்கு அப்புறம் கத்துக்கிட்ட பெண்கள் நிறைய பேர் இதையேதான் சொல்றாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

டிரைவிங் ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும்ல, நீங்க கிளட்ச்ச டபக்குன்னு விட்டும் வண்டி ஆஃப் ஆகலன்னா அங்க வேலை செஞ்சது அவரோட கால். எல்எல்ஆர் (பழகுறதுக்கான லைசன்ஸ்) எடுத்து 30 நாள் ஆனா டெஸ்ட்டுக்கு போகலாம், அதுக்குள்ள ஸ்டியரிங் உங்க கையில இருந்த நேரத்த எல்லாம் கூட்டிப் பாருங்க, ரொம்ப கம்மியாத்தான் வரும். அப்புறம் சொந்த வண்டில தனியா உக்காந்தா கை நடுங்காம என்ன செய்யும்? இதுக்குப் போய் நமக்கு தைரியமே கிடையாதுன்னு முடிவு கட்டிடாதீங்க.

முதல் வேலை, ஒரு பேப்பர் எடுத்து எந்த எடத்துல பயம் வருதுன்னு எழுதுங்க. "ரோடுன்னாலே பயம்"னு வச்சுக்கிட்டா அத வச்சு ஒன்னும் பண்ண முடியாது. நான் எழுதினப்போ மூனுதான் வந்துச்சு: ஏத்தத்துல நின்னா வண்டி பின்னாடி உருளும், லெஃப்ட் சைடு எவ்ளோ எடம் இருக்குன்னு தெரியல, பக்கத்துல போறவன் என்ன பண்ணுவான்னு தெரியல. இவ்ளோதானான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

இதுல ஏத்தம்தான் பெரிய விஷயம். ஒரு நாள் சாயங்காலம் மேற்கு மாம்பலத்துல இருந்து தி.நகர் போக துரைசாமி சப்வேக்குள்ள எறங்கிட்டேன், மேல ஏறும்போது முன்னாடி எல்லாம் நின்னுடுச்சு, பின்னாடி ஒட்டி ஒரு ஆட்டோ. பிரேக்குல இருந்து கால எடுத்தா பின்னாடி போகுது, பதட்டத்துல கிளட்ச்ச விட்டா ஆஃப் ஆகுது, மூனு தடவ ஆச்சு, ஹாரன் சத்தம் சப்வே முழுக்க எதிரொலிக்குது, எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த ஆட்டோ அண்ணன் எறங்கி வந்து ஜன்னல்கிட்ட நின்னு சொன்னார், "ஹேண்ட் பிரேக்க போடும்மா. வண்டி எங்கயும் போகாது. இப்போ மெதுவா கிளட்ச்ச விடு, மூக்கு தூக்கும் பாரு, அப்போ ஹேண்ட் பிரேக்க எறக்கு." அதே மாதிரி செஞ்சேன், வண்டி பின்னாடி ஒரு இஞ்ச் கூட போகாம ஏறுச்சு. அவருக்கு தேங்க்ஸ் கூட சொல்ல முடியல, இன்னிக்கும் மனசுல இருக்கார்.

இத டிராஃபிக்ல கத்துக்காதீங்க. யாரும் வராத ஒரு சின்ன சரிவு தேடுங்க, அபார்ட்மென்ட் பார்க்கிங் ரேம்ப் கூட போதும், காலி நேரமா பாத்துக்கோங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டர் லேசா குடுத்துக்கிட்டே கிளட்ச்ச மெதுவா விடுங்க. ஒரு எடத்துல இன்ஜின் சத்தம் கனமாகும், ஸ்டியரிங்ல லேசா அதிர்வு தெரியும், வண்டி முன்னாடி இழுக்கப் பாக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். கால அங்கயே நிறுத்திட்டு ஹேண்ட் பிரேக்க எறக்குங்க. ஒரே நாள்ல இருபது தடவ பண்ணுங்க. பத்துக்கு மேல போகும்போது கால் தானா அந்த எடத்துல நிக்கும், அந்த உணர்வு வந்ததுக்கு அப்புறம் எனக்கு பாதி பயம் போயிடுச்சு.

லெஃப்ட் சைடுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. லெஃப்ட் டயர் சரியா தார் ரோட்டோட ஓரத்துல இருக்கிற மாதிரி நிறுத்துங்க, வெளிய இருந்து ஒருத்தர பாக்க சொல்லுங்க. அப்புறம் சீட்ல இருந்தபடியே பாருங்க, அந்த ஓரக் கோடு பானெட்ட எந்த எடத்துல தொடுதுன்னு. உங்க உயரத்துக்கும் சீட்டுக்கும் ஏத்த மாதிரி அது மாறும், எனக்கு பானெட் நடுப்பக்கம் வந்துச்சு. அந்த எடத்துக்கு நேரா முன் கண்ணாடியோட கீழ் ஓரத்துல ஒரு பொட்டு ஒட்டி வச்சேன். ரெண்டு மாசம் இருந்துச்சு, அப்புறம் தேவைப்படல.

மத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியாததுக்கு என்ன பண்றது? முழுசா தெரியவே தெரியாது, அத ஒத்துக்கிட்டு நமக்கு நேரம் வாங்கிக்கணும். 40 கி.மீ. வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகுது. முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் ரெண்டு செகண்ட் வேணும்னா 22 மீட்டர், ஏறக்குறைய ரெண்டு பஸ் நீளம். சென்னையில அந்த கேப்புல பைக் பூந்துடும், பரவால்ல, ஆக்ஸிலரேட்டர லேசா விட்டு திரும்ப கேப் எடுங்க. ஆட்டோவுல இண்டிகேட்டர நம்பாதீங்க, முன் சக்கரத்த பாருங்க, அது திரும்பினா ஆட்டோ திரும்பப் போகுது. பஸ் ஸ்டாப் பக்கத்துல ஷேர் ஆட்டோ எந்த நேரமும் நிக்கும்னு வச்சுக்கோங்க. பஸ், தண்ணி லாரி பக்கவாட்டுல ஒட்டியே போகாதீங்க, அவங்க சைடு மிரர் உங்களுக்கு தெரியலன்னா நீங்களும் அவங்களுக்கு தெரிய மாட்டீங்க.

எப்போ பழகுறதுன்னா, ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்கு. மூனு வாரம் ஒரே ரூட், புதுசா எதுவும் வேண்டாம். கூட உக்கார்றவங்கள பாத்து தேர்ந்தெடுங்க, ஏன்னா பக்கத்துல இருந்து "பிரேக் பிரேக்"னு கத்துறவங்களால நல்லா ஓட்டுறவங்களுக்கே கை தடுமாறும். கெளம்பும்போதே சொல்லிடுங்க, நான் கேட்டா மட்டும் சொல்லுங்க, ஆபத்துன்னா மட்டும் கத்துங்கன்னு. நாலாவது வாரம் தனியா, காய்கறி கடை வரைக்கும், போயிட்டு வாங்க.

நடுவுல படபடப்பு வந்தா லெஃப்ட்ல ஓரமா நிறுத்தி நாலு இண்டிகேட்டர் லைட்டையும் போட்டுட்டு மூச்ச மெதுவா நீளமா வெளிய விடுங்க, ஒரு பத்து தடவ. ஆனா அப்படியே வீட்டுல இருந்து யாரையாவது வரச் சொல்லி சாவிய குடுத்துடாதீங்க. குடுத்த உடனே நிம்மதியா இருக்கும், ஆனா அடுத்த தடவ பயம் இன்னும் பெருசா வந்து நிக்கும், நான் நாலு வருஷம் அப்படித்தான் வளத்து வச்சேன். படபடப்பு அடங்குற வரைக்கும் உக்காந்திருந்து, இன்னொரு தெருவாவது ஓட்டிட்டு அப்புறம் வீட்டுக்கு வாங்க.

கீறல் ஒன்னு ரெண்டு விழும். எனக்கு கேட்டுல இடிச்சு லெஃப்ட் பின் கதவுல நீளமா விழுந்துச்சு, ஒரு வாரம் வண்டிய தொடல, அது தப்பு. உங்களுக்கு அப்படி விழுந்தா மறுநாளே எடுங்க, பெயின்ட் அடிக்க ஒர்க் ஷாப்புக்கு வண்டிய நீங்களே ஓட்டிட்டு போங்க.