நிருபர் வேஷம் கட்டுகிறவர்கள் திகில் ஆட்டத்தில் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடியில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் கூடி ஆடுகிறோம். பலகை, காய் எதுவும் கிடையாது. ஆளுக்கொரு கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரம் எழுதிய தாள்), பகடை, மற்றபடி வாய்ப்பேச்சுதான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் கதைக்குள் இருக்கும் ஆட்களாகப் பேசுவார்கள். ஆட்டத்தின் பெயர் கால் ஆஃப் கதுலு. சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து 1981-ல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்டது. நடத்துபவரை அதில் கீப்பர் என்பார்கள். எங்கள் மேஜையில் அது நான். அதற்கு முன் மூன்று வருஷம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக அலைந்தேன். புதிதாக வருகிறவர் ஷீட்டில் ‘ரிப்போர்ட்டர்’ என்று எழுதும்போதெல்லாம் இவராவது சரியாக ஆடுவாரா என்று பார்ப்பேன். பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது ஒரே இடத்தில்: கையில் குறிப்பேடு வைத்த இன்ஸ்பெக்டராக மாறிவிடுவார்கள்.

போன வருஷம் ஒரு கதை வைத்தேன். தேரிக்காட்டு ஓரம் ஒரு ஊர், அங்கே பனையேறி ஒருவரைப் பதினோரு நாளாகக் காணவில்லை. நிருபராக வந்த தம்பி டீக்கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “செவ்வாய்க்கிழமை ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?” என்றார். கடைக்காரராக நான், “தம்பிக்கு எந்த ஊரு?” என்றேன். “அது உங்களுக்கு எதுக்கு? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.” அவ்வளவுதான். கடைக்காரர் பாய்லரைத் துடைக்கப் போய்விட்டார். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் பீடியை மிதித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். தம்பிக்குக் கோபம், நான் துப்பை வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று. நான் எங்கே மறைத்தேன்? நம் பக்கத்தில் கேள்வியோடு வருகிற ஆள் முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த ஊரு, யாரு மவன், இங்கன யாரைத் தெரியும். அந்த மூன்றுக்குள் நாலாவது ஒன்றும் ஒளிந்திருக்கும். அது என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நிருபர் வேஷம் கட்டுகிறவர் ஷீட்டின் பின்பக்கத்தில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவைத்துக்கொண்டு வருவது நல்லது. அம்மா பிறந்த ஊர், அப்பா பார்த்த வேலை, இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரு மாமாவோ சித்தியோ. கீப்பருக்கு அது பெரிய உதவி. உங்கள் மாமாவைத் தெரிந்தவர் உங்களிடம் பொய் சொல்லும்போதுதான் அடிவயிறு கலங்கும்.

அதே டீக்கடைக்கு அடுத்த வாரம் இன்னொருவர் போனார். ஒரு கருப்பட்டிக் காப்பி சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “இந்த வருசம் பதனி நல்லா இறங்குதா அண்ணாச்சி?” என்றார். “எங்க இறங்குது? மேக்கால இருக்க பனையில இந்த வருசம் ஒருத்தரும் ஏறலையே.” ஏன் என்று அவர் கேட்கவில்லை. காப்பியைக் குடித்தார். கடைக்காரர் தானாகவே சொன்னார். பகடை உருட்டவே இல்லை.

பகடை உருட்டும் இடத்திலும் இதே கோளாறு வரும். ஏழாம் பதிப்பில் ஆளை வசப்படுத்தும் திறமைகள் நான்கு: சார்ம், பாஸ்ட் டாக், இன்டிமிடேட், பர்சுவேட். இனிமையாகப் பேசுவது, வாய்ச்சாலகத்தில் ஏமாற்றுவது, மிரட்டுவது, எடுத்துச் சொல்லி இணங்கவைப்பது. நிருபரின் தொழில் திறமைப் பட்டியலுக்கு இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் எடுப்பது பெரும்பாலும் மிரட்டல். பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிய பைக்கைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும் என்ற நினைப்பு. அதே விதிப்புத்தகம் நிருபருக்கு வைத்திருக்கும் கிரெடிட் ரேட்டிங், அதாவது ஆளின் பணவசதியைக் காட்டும் எண், 9 முதல் 30 வரைதான். ஆள் ஏழையின் எல்லையில் நிற்கிறார், மேலே போனால் நடுத்தரம். அச்சில் வந்த செய்தியை அளந்து சென்டிமீட்டர் கணக்கில் காசு வாங்கிய எனக்கு அந்த 9 ரொம்பச் சரியாகவே பட்டது. மிரட்ட வேண்டுமென்றால் மிரட்டுங்கள், ஆனால் அந்த ஊருக்கு நாளைக்கும் போக வேண்டியிருக்கும். போலீஸ்காரர் மாற்றலாகிப் போய்விடலாம். நிருபர் அதே டீக்கடைக்குத்தான் திரும்ப வர வேண்டும்.

உருட்டித் தோற்றால் மறுபடி ஒருமுறை முயல ஏழாம் பதிப்பில் ஒரு வழி உண்டு. ‘புஷ்’ என்பார்கள். முதல்முறை செய்யாத எதையாவது கூடுதலாகச் செய்ய வேண்டும். இரண்டாவது முறையும் தோற்றால் முன்னைவிட மோசமாக ஏதாவது நடக்கும். நிருபருக்கென்றே செய்த விதி மாதிரி இருக்கும், ஆனால் “இன்னொரு தடவை கேக்கேன்” என்று சொல்லி வீணாக்குவார்கள். “அந்தம்மா வீட்டு வாசல்லயே ராத்திரி முழுக்க உக்காருதேன்” என்று சொல்லுங்கள். தோற்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். விடிவதற்குள் நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்த செய்தி, போகக்கூடாத காதுக்குப் போயிருக்கும்.

சைக்காலஜித் திறமையைப் பொய் காட்டும் கருவியாக வைத்துக்கொள்வது இன்னொன்று. எதிரே இருப்பவர் வாய் திறந்ததும் “பொய் சொல்லுதாரா? உருட்டுதேன்” என்பார்கள். நிருபர்கள் முகம் பார்த்துப் பொய் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் கிடையாது, நானே சாட்சி. அவர்கள் செய்வது, ஒரே விஷயத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எங்கே உரசுகிறது என்று பார்ப்பது. மேஜையிலும் அதுதான் சுவாரசியம்.

அடுத்தது நூலகத்தில் தேடும் திறமை. “லைப்ரரி யூஸ் போடுதேன். ஊரைப் பத்தி என்ன கிடைக்கு?” இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதே இல்லை. எதைத் தேடுகிறீர்கள் என்று சொன்னால்தான் கதவு திறக்கும். நிலம் யார் பெயரில் இருந்தது என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அ-பதிவேடு. விற்று வாங்கியது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று. பழைய மிஷன் ஊர் என்றால் சர்ச் கோயில்பிள்ளையைப் பிடித்து அடக்கப் பதிவேடு. வெள்ளைக்காரன் காலத்துக் கடிதம் என்றால் சென்னை எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகம் வரை ரயிலேற வேண்டும், அதற்குள் ஊரில் இரண்டு ராத்திரி போய்விடும். பழைய பத்திரிகை என்றால் எந்தப் பத்திரிகை? 1938-ல் நடக்கும் கதையில் ஒருவர் தினத்தந்தி பழைய பைலைக் கேட்டார். தினத்தந்தி மதுரையில் தொடங்கியதே 1942-ல். தினமலர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, நெல்லைக்கு வந்தது 1957-ல். 1938 என்றால் சுதேசமித்திரனும் தினமணியும் உண்டு, அதைத் தேடலாம். ஜில்லா எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1986 வரை தூத்துக்குடி நெல்லை ஜில்லாவுக்குள்ளேதான் இருந்தது, தென்காசி 2019 வரை. தப்பான கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பகல் காத்திருந்த கேரக்டர்கள் எங்கள் மேஜையில் உண்டு.

கேமரா பற்றிச் சுருக்கமாக. பிலிம் காலத்தில் கதை நடந்தால் ஒரு 35 எம்.எம். ரோலில் அதிகம் போனால் 36 படம். எண்ணிக்கொள்ளுங்கள். லென்ஸ் வழியாகப் பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான், சானிட்டி, அதாவது கேரக்டரின் புத்தி நிதானத்தைக் காட்டும் எண், குறையும்.

எக்ஸ்க்ளூசிவ் ஆசையில் துப்பைக் கூட்டாளிகளிடம் மறைக்கும் ரகம் உண்டு. நிஜத்தில் அது சகஜம், நானே செய்திருக்கிறேன். மேஜையில் செய்தால் மற்ற மூன்று பேரும் போனை நோண்ட ஆரம்பிப்பார்கள். மறைத்தே ஆக வேண்டும் என்றால் மறைக்கிறேன் என்பதை ஆட்டக்காரர்களுக்குக் காட்டிவிட்டு, அவர்களுடைய கேரக்டர்களுக்கு மட்டும் மறையுங்கள்.

எதையும் நம்பாத ஆளாக ஆடுவதிலும் ஆபத்து இருக்கிறது. நிருபர் என்றால் பகுத்தறிவு, எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் என்று ஆரம்பிப்பார்கள். நாலாவது மணி நேரத்தில் யாருக்குமே பயம் மிச்சமிருக்காது. எனக்குத் தெரிந்த நிருபர் ஒருவர், கடவுள் மறுப்பாளர், கூட்டங்களில் பேசுகிறவர். ராத்திரி செய்தி கொடுத்துவிட்டு வரும் வழியில் சுடலைமாடன் பீடம் வந்தால் மட்டும் பைக்கை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால் ரோடு சரியில்லை என்பார். அந்தச் செருப்பை உங்கள் கேரக்டருக்கும் கொடுங்கள். ஆட்டத்தின் விதியும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது: ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் சானிட்டி போனால் அறிவுக்கு ஒரு உருட்டல் வரும். அதில் ஜெயித்தால்தான் புத்தி பேதலிக்கும். தோற்றவன் தான் பார்த்ததை மனசுக்குள் புதைத்துவிட்டுத் தப்பித்துவிடுவான். புரிந்துகொள்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது.

சுடலையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுடலைமாடனையும் இசக்கியையும் துப்பாக்கியால் சுடும் ராட்சசர்களாகக் கொண்டுவராதீர்கள். மேஜையில் இருக்கும் யாருக்காவது அது குலதெய்வமாக இருக்கும். கொடை, வில்லுப்பாட்டு, சாமக்கொடையில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவது, எல்லாம் கதையில் வரட்டும். பின்னால் போகாதே என்று ஊர் சொல்லும்போது நிருபர் போவாரா மாட்டாரா என்பதிலேயே ஒரு ராத்திரி ஆடலாம்.

நிஜச் சாவுகளில் இன்னும் கவனம் வேண்டும். ஒருமுறை ஒருவர் தாமிரபரணியில் ஆவி என்று ஆரம்பித்து 1999 என்று வருஷத்தையும் சொன்னார். அந்த வருஷம் ஜூலை 23-ல், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, 17 பேர் ஆற்றில் இறந்துபோனார்கள். மேஜை அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் வெளியூர், தெரியாமல் சொன்னது. அந்தக் கதையை எடுத்து வைத்துவிட்டு வேறு ஆடினோம்.

கடைசியாக, “எல்லாத்தையும் பேப்பர்ல போட்டுருவேன்” என்ற வசனம். பேப்பரில் போடுவது நிருபர் கையில் இல்லை. மேலே ஆபீஸில் செய்தியைத் திருத்திப் பக்கத்தில் வைக்கும் டெஸ்க் இருக்கிறது. பக்கம் முடிந்துவிட்டது, விளம்பரம் வந்துவிட்டது, போலீஸ் என்ன சொல்கிறது என்று கேள் என்பார்கள். அதனால் கதை முடிந்ததும் நிருபராக ஆடியவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அச்சில் வந்ததை எழுதச் சொல்வேன். எட்டு வரிக்குள், ஐந்து நிமிஷம்.

தேரிக்காட்டுக் கதையில் பள்ளிக்கூட வாத்தியாராக ஆடியவருடைய முடிவு கிணற்றுக்குள் நடந்தது. அவரைக் கூப்பிட்டது யாருடைய குரல் என்று மேஜையில் எல்லோருக்கும் தெரியும். நிருபர் எழுதிக் கொடுத்தது: “தேரிக்காட்டுப் பகுதியில் உள்ள கிணற்றில் தவறி விழுந்து ஆசிரியர் சாவு. போலீசார் விசாரித்து வருகின்றனர்.” இரண்டே வரி. மிச்சம் ஆறு வரிக்கு இடம் இருந்தது.

அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த வருஷக் கதை முப்பது வருஷம் கழித்து நடக்கிறது. புது நிருபராக வந்திருக்கும் பெண் பழைய பைலில் கிணறு, சாவு என்று தேடி உருட்டினார், ஜெயித்தார். அதே தாளை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, “இதை எழுதுன ஆளு எதையோ முழுங்கியிருக்காருண்ணே. உயிரோட இருக்காரா?” என்று கேட்டார். அதை எழுதியவர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பகடையை உருட்டிக்கொண்டே, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னைப் பார்த்தார்.