குறும்படமா? முதலில் காதைத் தீட்டுங்கள்

பள்ளிக்காகக் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் நல்ல கேமரா இல்லையே என்றுதான் கவலைப்படுகிறார்கள். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்ட லயத்து வீட்டு வாசலில் எடுத்த முதல் காட்சியில் பாட்டியின் பேச்சைவிட பக்கத்து வீட்டுச் சேவல்தான் தெளிவாகக் கேட்டது. படம் பிடித்த போன் பத்தடி தள்ளி இருந்தது, வேறென்ன ஆகும்?

அப்புறம் இன்னொரு போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பாட்டியின் இடுப்பில் செருகினோம். புடவை உரசும் சத்தம்! கடைசியில் அவர் பக்கத்திலிருந்த வெற்றிலைத் தட்டில் ஒளித்து வைத்தோம். சரியாக வந்தது. அந்த போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு.

ஒவ்வொரு டேக்கின் (ஒரு காட்சியை ஒருமுறை எடுப்பதன்) தொடக்கத்திலும் ஒருவர் கேமரா முன் கைதட்டட்டும். எடிட்டிங்கில் கைகள் சேரும் ஃபிரேமையும் ஒலியலையில் எழும் கூர்முனையையும் பொருத்தினால் உதடும் வசனமும் சேர்ந்துவிடும். காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டிய இடங்களுக்கு அடியில் அதை ஓடவிட்டால் ஒட்டு தெரியாது.

வீட்டுக்குள் எடுக்கும்போது படத்தில் டியூப் லைட் துடித்தால், மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேமராவில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி வையுங்கள்.

செம்பனைத் தோட்டத்துக்குள் உச்சிவெயிலில் எடுத்தால் முகமெல்லாம் வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழும்; காலையிலேயே போய்விடுங்கள். மாலை மழையில் தகரக் கூரைக்கடியில் வசனமே வேண்டாம்.