சார்ஜ் டார்ச் வாங்கப் போகிறீர்களா? முதலில் உள்ளே இருக்கும் செல்லைப் பாருங்கள்

எங்கள் ஊரில் வயலுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். பதினோரு மணிக்கு எழுந்து மோட்டார் போடப் போகிறவர் யாரும் கையில் வெளிச்சம் இல்லாமல் வரப்பில் கால் வைக்க மாட்டார். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நடமாடும் நேரம் அது. அப்பா வைத்திருந்தது மூன்று கட்டை டார்ச். நான்தான் புத்திசாலித்தனமாக ஆன்லைனில் ஒரு சார்ஜ் டார்ச் வாங்கினேன். பெட்டியில் 10,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), 9900 எம்.ஏ.எச். (செல் பிடிக்கும் சார்ஜின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலை 449 ரூபாய்தான்.

முதல் ஐந்து நிமிடம் பக்கத்து வயல் வரை பளிச்சென்று தெரிந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, மின்மினிப்பூச்சி அளவுக்கு வந்துவிட்டது. மீதி வரப்பைச் செல்போன் வெளிச்சத்தில் தடவித் தடவிக் கடந்தேன். வீட்டுக்கு வந்ததும் செல்லைக் கழற்றி, அம்மா கேக் மாவு அளக்கும் தராசில் வைத்தேன். 24 கிராம். அந்த அளவுள்ள நல்ல செல் ஏறத்தாழ 45 கிராமாவது இருக்கும். அன்றிலிருந்து டார்ச் வாங்கும்போது லூமன் எண்ணை நான் கடைசியில்தான் பார்க்கிறேன்.

படி 1: எதற்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கரண்ட் போனால் வீட்டுக்குள் புழங்க 100 லூமன் தாராளம். டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தைக் கூரையில் அடிக்க விட்டால் அறை முழுக்கப் பரவும். வீட்டில் தொங்கும் 9 வாட் எல்இடி பல்பு ஏறத்தாழ 800, 900 லூமன் தருகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டால் பெட்டியில் இருக்கும் எண்ணெல்லாம் எவ்வளவு என்று பிடிபடும்.

நடப்பதற்கு 200 முதல் 300 லூமன் போதும். ஆனால் வெளிச்சம் பரவி அடிக்க வேண்டும். காலடியிலும் இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் பாம்பு தெரியும். குவிந்து அடிக்கிற டார்ச் தூரத்துப் பனைமரத்தைக் காட்டும், காலடியில் கிடப்பதைக் காட்டாது. தோப்புக் காவலுக்கும் தூரத்தில் ஆள் நடமாட்டம் பார்ப்பதற்கும் குவிந்து அடிப்பது நல்லது. எல்இடியைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம் அகலமாகவும் ஆழமாகவும் வழவழவென்றும் இருந்தால் குவிந்து அடிக்கும். சிறியதாகவோ, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகவோ இருந்தால் பரவும்.

படி 2: உள்ளே என்ன செல்?

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பழைய வகை சார்ஜ் டார்ச்சுகளில் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். ஸ்கூட்டர் பேட்டரியின் குட்டித் தம்பி. சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் அலமாரியில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். புயல் வரும்போது மட்டும் வெளியே எடுக்கிற வீட்டுக்கு இது ஆகாது.

லித்தியம் செல் உள்ளதையே வாங்குங்கள். அதில் 18650, 21700 என்ற எண்கள் வரும். இது ஏதோ மாடல் எண் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், வெறும் அளவுதான். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம். இன்னொன்று 21 மில்லிமீட்டர் தடிமன், 70 நீளம். அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். 18650 அளவில் உலகின் பெரிய கம்பெனிகள் செய்கிற நல்ல செல்லே 3500 எம்.ஏ.எச். பக்கத்தில்தான் நிற்கிறது. 21700 என்றால் 5000, கொஞ்சம் மேலே. ஆகவே 18650 செல்லின் மேல் 5000, 6800, 9900 என்று அச்சடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொய் என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட செல்லைத் தொடவே தொடாதீர்கள். ஏமாற்று என்பது ஒரு பக்கம். உள்ளே பாதுகாப்பு எதுவும் இல்லாமல் சூடேறித் தீப்பிடிக்கிற ஆபத்து இன்னொரு பக்கம்.

இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் பின்னால் எட்டு இலக்கமும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும்.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

செல்லின் எம்.ஏ.எச். எண்ணை ஆயிரத்தால் வகுத்து 3.6 ஆல் பெருக்குங்கள். 3000 எம்.ஏ.எச். செல் என்றால் 3 × 3.6 = 10.8. இது வாட் ஹவர், அதாவது செல்லில் இருக்கும் மொத்தச் சக்தி. நல்ல எல்இடி டார்ச்சில் எல்லா இழப்பும் போக ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் இந்தச் செல் 1000 லூமனை ஒரு மணி நேரம் தரும். 250 லூமனை நாலு மணி நேரம் தரும். 100 லூமன் போதும் என்றால் கிட்டத்தட்ட பத்து மணி நேரம்.

என் 10,000 லூமன் டார்ச்சை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 100 வாட் வேண்டும். சோல்டரிங் அயர்ன் அளவு சூடு, கைப்பிடியில் எப்படிப் பிடிப்பது? ஒற்றைச் செல்லில் இருந்து கிட்டத்தட்ட 28 ஆம்பியர் உறிஞ்ச வேண்டும். அது உண்மையில் 300 லூமன் கொடுத்திருந்தாலே பெரிய விஷயம்.

படி 4: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

லூமன் என்பது மொத்த வெளிச்சம். கேண்டலா என்பது ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பது. கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் கிடைக்கும். 10,000 கேண்டலா என்றால் 200 மீட்டர். ஆனால் ஒரு விஷயம்: அந்தத் தூரத்தின் முடிவில் பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம்தான் இருக்கும். நிஜமாக ஆளை அடையாளம் காண வேண்டும் என்றால் பாதித் தூரத்தைக் கணக்கில் எடுங்கள்.

'எரியும் நேரம்' என்று போட்டிருப்பதிலும் சூட்சுமம் உண்டு. டார்ச்சுகளுக்கான எஃப்.எல். 1 என்ற அளவு முறைப்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடிய நேரம் அது. 1000 லூமனில் ஆரம்பித்து, சூடேறியதும் 300க்கு இறங்கி, கடைசியில் 100க்கு வந்தாலும் கணக்கில் சேர்ந்துவிடும். வெளிச்சம் இறங்குவது குறை இல்லை, சூட்டிலிருந்து தப்பிக்க நல்ல டார்ச்சும் அதைத்தான் செய்யும்.

'டி6 எல்இடி' என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். எக்ஸ்எம்-எல் என்ற எல்இடியைப் பிரகாசத்தின்படி தரம் பிரித்தபோது ஒரு தரத்துக்கு வைத்த குறி அது. இன்று எந்தப் பெட்டியிலும் அச்சடித்துக்கொள்கிறார்கள்.

படி 5: உடம்பு

இழுத்து நீட்டுகிற ஜூம் டார்ச் எனக்குப் பிடிக்காது. குவிக்கும்போது வெளிச்சத்தில் பெரும்பகுதி உள்ளேயே வீணாகும், இழுக்கிற இடுக்கில் தண்ணீரும் புகும். தண்ணீர் தாங்கும் தரத்தை ஐபிஎக்ஸ் என்ற குறியில் போட்டிருப்பார்கள். மழையில் கொண்டுபோக ஐபிஎக்ஸ்4 போதும், கிணற்றடிக்கும் படகுக்கும் ஐபிஎக்ஸ்7 பாருங்கள். அது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் 'பளிச் பளிச்' என்று மின்னுகிற முறை குறுக்கே வந்தால் வாங்காதீர்கள். இருட்டில் அது தலைவலி.

படி 6: எவ்வளவு கொடுக்கலாம்?

என் கண்ணில் படுகிற விலையைச் சொல்கிறேன். 300 ரூபாய்க்குள் கிடைப்பது வீட்டுக்குள் புழங்க. 500 முதல் 1000க்குள் பெயர் தெரிந்த கம்பெனியின், செல்லைக் கழற்ற முடியாத லித்தியம் டார்ச் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். 1500 முதல் 2500 வரை போக முடிந்தால், அலுமினிய உடம்பு, கழற்றி மாற்றக்கூடிய செல், நிஜமான 1000 லூமன். மூன்று வருடம் கழித்துச் செல் தளர்ந்தால் செல்லை மட்டும் மாற்றலாம், அதனால் நீண்ட நாளில் இதுதான் மலிவு.

படி 7: திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள்

செல் கழன்று வந்தால் எடை போடுங்கள். 18650 என்றால் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் இருக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நீங்கள் தினம் பயன்படுத்தப் போகும் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். பக்கத்தில் துணியோ பேப்பரோ வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் வைத்துச் செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கோடு கோடாக ஓடினால் படிக்கும்போது கண் உறுத்தலாம்.

அப்புறம் சார்ஜர். இரண்டு பக்கமும் டைப் சி உள்ள வயரில் மலிவான டார்ச்சுகள் பல சார்ஜ் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய அகலமான முனை உள்ள வயரைப் போட்டால் ஏறும். டார்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பையில் வைத்து ஊருக்குப் போகும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். பெரும்பாலான அலுமினிய டார்ச்சுகளில் அப்படிச் செய்தால் இணைப்பு அறுந்துவிடும், பைக்குள் தானாக எரியாது. விமானத்தில் போனால் உதிரிச் செல்லைக் கையில் எடுத்துப் போகும் பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் விட மாட்டார்கள். செல் உப்பினாலோ, மேல் உறை கிழிந்தாலோ ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம், மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.